புண்ணாக்கு என்று எழுதிய பார்சல்

1

நம் சபைப் பத்திரிகையில் வெளியூரில் இருப்பவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். பெங்களூரிலிருந்து யாரும் எழுதவில்லை, நீ எட்டாம் வகுப்பு வரை படித்தவள், தப்பிக்கப் பார்க்காதே என்று ஆசிரியர் இரண்டு கடிதம் போட்டுவிட்டார். முதல் கடிதத்தை அடுப்படி ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, அது புகையில் பழுப்பேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கடிதம் வந்த அதே வாரத்தில் திண்டிவனத்திலிருந்து என் தம்பி சாமுவேலின் கடிதமும் வந்தது. அதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இங்கே வந்து இந்தத் தையோடு இருபத்திரண்டு வருஷம். மலாயாவுக்கும் சிலோனுக்கும் போனவர்கள் எழுதுகிற பக்கத்தில் நான் எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. கடலை நான் பார்த்ததே மரக்காணத்தில் ஒரே ஒரு தரம். விழுப்புரத்தில் ஒரு வண்டி, காட்பாடியில் ஒரு வண்டி மாறி இங்கே வந்து இறங்கினவள். ஆனால் யுத்தம் வந்ததிலிருந்து அந்த வண்டிகளில் ஏறுவதே கப்பல் ஏறுவதைவிடக் கஷ்டமாகிவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் உட்கார்ந்தது போக மிச்ச இடம்தான் நமக்கு. நான் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவைப் பார்த்தும் ஆறு வருஷம்.

யுத்தத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருஷம் வண்டியில் இடம் இருந்தது. விடுதியில் அறுபது பிள்ளைகளின் சோற்றை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான்தான் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

2

ரிச்சர்ட்ஸ் டவுனில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதியில் நான் சமையல்காரி. விடுதியை நடத்துகிறவர் ஓர் அமெரிக்க அம்மாள். மிஸ்ஸம்மா என்று எல்லாரும் கூப்பிடுவோம். தமிழை வேதப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். ஆகையால் குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "எஸ்தரே, இது சாரமற்றுப் போயிற்று" என்பார். அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, பிரசங்கம் கேட்பது போலத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் தோன்றும்.

எஸ்தர் என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகளுக்கு நான் குக்கம்மா. பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாகப் பயிற்சி எடுக்கும் என் மகள் ரோஸுக்கு மம்மி. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் "இந்தாமே" என்பதோடு சரி. அப்பா கூப்பிடுகிற பேர் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பேர் மாறினது எனக்கு மட்டும் இல்லை. வந்த முதல் வாரம் கடைக்குப் போய், "மல்லாட்டை அரைப்படி குடுங்க" என்றேன். கடைக்காரர் மல்லிகையா என்றார், மல்லியா என்றார், கடைசியில் கொத்தமல்லி விதையை அள்ளினார். நம் தென்னாற்காட்டு மல்லாட்டையை இங்கே யாருக்கும் தெரியாது. மெட்ராஸ்காரர்களுக்கு அது வேர்க்கடலை. கன்னடக்காரர்களுக்குக் கள்ளேகாய். பசவனகுடிப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தரம் அதற்கென்றே திருவிழா போட்டு, தெரு முழுக்க மலைமலையாகக் குவிக்கிறார்கள். அவ்வளவு குவியலுக்கு நடுவில் நின்றும் மல்லாட்டை என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை.

ரோஸ் ஒரு தடவை சொல்லியே விட்டாள். "மம்மி, என் ஃபிரெண்ட்ஸ் முன்னாடி மல்லாட்டைன்னு சொல்லாதே. யாரோ மல்லாந்து விழுந்த மாதிரி இருக்கு. கள்ளேகாய்னு சொல்லு, இல்லைன்னா பீநட்ஸ்னு சொல்லு."

மிஸ்ஸம்மாதான் எனக்கு அந்த வார்த்தையின் கதையைச் சொன்னார். அது அவர்கள் கண்டத்துப் பயிராம். கடல் தாண்டி, மணிலா என்ற ஊர்ப் பேரோடு வந்ததால் மணிலாக் கொட்டை. அது நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. எங்கள் ஊர்ச் செம்மண்ணிலேயே பிறந்தது என்று நான் நெஞ்சில் தூக்கி வைத்திருந்த பொருளும் பிழைக்க வந்ததுதான். அன்றைக்கு அதன்மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது.

3

யுத்தத்துக்கு முன்னால் மிஸ்ஸம்மாவுக்கு ஊரிலிருந்து பீநட் பட்டர் டப்பா வரும். ரொட்டியில் தடவிக்கொண்டு கண்ணை மூடி மெல்லுவார். கப்பல் நின்றதும் டப்பாவும் நின்றது. அப்புறம்தான் ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, "எஸ்தரே, நாம் அதை உண்டாக்குவோம்" என்றார்.

வறுப்பது எனக்குத் தெரியாதா? மணல் போட்டு வறுத்து, முறத்தில் தேய்த்துத் தோலை ஊதி, அம்மியில் வைத்தேன். நாலு இழுப்பு இழுத்ததும் மாவாகி அம்மியில் அப்பிக்கொண்டது. அரைக்கிற கை சும்மா இருக்குமா, பக்கத்துச் சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் தெளித்தேன். நைசாக வந்தது, வழித்துக் கொடுத்தேன். மிஸ்ஸம்மா ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தார். "இது சட்னி" என்றார். மூன்றாம் நாள் அது புளித்து நுரைத்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஒரு நாள் சொம்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "தண்ணீரை மறந்துவிடு. இது தன் எண்ணெயைத் தானே தரும். நீ விசுவாசமாய் அரை." தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பொடியாயிற்று, உருண்டையாயிற்று, அம்மி காய்ந்த கல்லாகவே நின்றது. விட்டுவிடலாம் என்று கையை எடுக்கப்போன நேரத்தில் குழவிக்கு அடியில் பளபளவென்று ஈரம் தெரிந்தது. அப்புறம் அது வெண்ணெய் போல இளகி ஓடிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அரைத்த முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

அது கைக்கு வந்தபின் நான் ரொட்டியோடு விடவில்லை. தேங்காய் கிடைக்காத நாளில் கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு கரண்டி கரைத்து விடுவேன். குழம்பு திக்காகி, மேலே எண்ணெய் மிதக்கும். குருமாவிலும் போட்டேன். ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ள, மிளகாயும் புளியும் சேர்த்து ஒரு துவையலாக்கினேன். மிஸ்ஸம்மா மட்டும், "என் ஜனங்கள் இதைப் பார்த்தால் அழுவார்கள்" என்றபடி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

பால் தட்டுப்பாடு வந்ததும் விடுதிக்கு வரும் டாக்டரம்மா வேறொன்று சொன்னார். சோனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு இதன் சத்து வேண்டும், ஆனால் இவ்வளவு எண்ணெய் ஆகாது, எண்ணெயைப் பிழிந்துவிட்டுப் பொடியாக்கிக் கஞ்சியில் போடு என்றார். அரைத்த விழுதைக் கெட்டித் துணியில் கட்டிப் பாறாங்கல்லை ஏற்றி வைத்தேன். எண்ணெய் வடிந்து, துணிக்குள் ஒரு வறண்ட வில்லை நின்றது. அதை உதிர்த்து வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்தேன். ராகிக் கஞ்சியில் ஒரு கரண்டி போட்டால் வாசனை கூடம்வரை போயிற்று. மிஸ்ஸம்மா அதற்குப் பீநட் பவுடர் என்று பேர் வைத்து, டப்பாவில் சீட்டு ஒட்டினார்.

அந்த வில்லையைத் துணியிலிருந்து உரித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு இதைப் போடுகிறோம் என்று நம் பாஷையில் சொன்னால் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் மணம் பொய் சொல்லுமா? அது புண்ணாக்குதான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவுக்கு ஒரு செட்டியார் செக்கில் வேலை. பிறகு மில் வந்தது, மில்லுக்குப் போனார். செக்கிலிருந்து எடுத்த புண்ணாக்கு வில்லை கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு ஐந்து வயசிருக்கும். மாட்டுத் தொட்டியில் ஊறப்போட வைத்திருந்த வில்லையை உடைத்து நான் வாய் நிறையத் தின்றுகொண்டு நின்றதை அப்பா பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. மடியில் எப்போதும் வைத்திருக்கும் வறுத்த மல்லாட்டையை ஒரு பிடி வாயில் போட்டு மென்றுகொண்டே, "ஏ புண்ணாக்கு, மாட்டுக்குக் கொஞ்சம் வெய்யி" என்றார். அன்றைக்கு வந்த பேர். கோயிலில் என் கல்யாணம் முடிந்து வண்டி ஏறுகிறபோதும், "போய்ட்டு வா புண்ணாக்கு" என்றுதான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

4

போன மழைக்காலத்தில் தம்பி எழுதினான். அப்பாவுக்குக் கடைசிப் பல்லும் போய்விட்டது. கஞ்சிதான் ஆகாரம். மல்லாட்டை வறுக்கிற வாசனை எங்கிருந்தாவது வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இடித்துக் கொடுத்தோம், குருணை நெஞ்சில் அடைக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த மடியும் அந்தப் பிடியும் என் கண்ணுக்கு முன்னால் நின்றுவிட்டது. அப்பாவுக்கு ஒரு தடவையாவது நான் மல்லாட்டை ஊட்ட வேண்டும். எனக்கு அப்போது வேறெதுவும் தோன்றவில்லை. பல் வேண்டாத மல்லாட்டை செய்யத்தான் எனக்குத் தெரியுமே. வெண்ணெயாக அரைத்து, பிஸ்கட் டப்பாவில் அடைத்து, மேலே துணி தைத்தேன். யுத்தச் சட்டப்படி சாப்பாட்டுச் சாமான் எதுவும் சமஸ்தான எல்லை தாண்டிப் போவதானால் ஓர் ஆபீசில் சீல் வாங்க வேண்டும். வரிசையில் நின்று டப்பாவைக் குமாஸ்தா முன்னால் வைத்தேன்.

"ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். "உள்ளே என்ன இருக்கு?"

"பீநட் பட்டர்ங்க. எங்க அப்பாவுக்கு."

"பட்டரா? பெண்ணெயெல்லாம் அனுப்ப முடியாதம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெண்ணை யாருங்க அனுப்பறாங்க? நான் சாப்பாட்டுச் சாமான்தானே கொண்டாந்திருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன். பெண்ணெ. ரொட்டிக்குத் தடவற பெண்ணெ."

பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கன்னடத்தில் வெண்ணெய்க்குப் பெண்ணெ என்று பேர். அது எனக்குத் தெரியாததில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பால்காரரிடம் கேட்டு வாங்குகிறேன். ஆனால் அப்பாவை நினைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் எல்லா வார்த்தையும் தமிழாகத்தான் காதில் விழுந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது, போகாததே நல்லது என்றார். பல் போன கிழவருக்கு அத்தனை எண்ணெய் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, பொடியை அனுப்பு, வெந்நீரில் கரைத்தால் குழந்தைகூடக் குடிக்கும் என்றார். கண்ணில் படாத குருணைகூட இருக்கக்கூடாதென்று மஸ்லின் துணியில் இரண்டு தடவை சலித்தேன். அடுத்த வாரம் மறுபடி அதே வரிசை, அதே குமாஸ்தா.

"இது என்ன, மாவா? எந்த மாவா இருந்தாலும் பர்மிட் வேணும்மா."

"மாவு இல்லீங்க. கடலையை அரைச்சு எண்ணெயைப் பிழிஞ்ச பிற்பாடு மிஞ்சறது."

"எண்ணெய் எடுத்து மிஞ்சறதா? அப்போ ஹிண்டிதானே. மேலே ஹிண்டின்னு எழுதும்மா, சீல் போட்டுத் தர்றேன்."

"எனக்கு இந்தி தெரியாதுங்க. தமிழ் எழுதுவேன், இங்கிலீஷும் கொஞ்சம் வரும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷர். "பாஷை இல்லம்மா. தன தின்னோ ஹிண்டி. மாடு தின்னுமே, அது."

"புண்ணாக்கா?" என்றேன்.

"ஆங், அதே. புண்ணாக்கு. மாட்டுத் தீவனத்துக்குத் தடை இல்லை. நல்லாப் பெரிசா எழுது."

மையைத் தொட்டுத் துணிமேல் எழுதினேன். கை கூசிற்று. பெற்ற அப்பாவுக்கு மாட்டுத் தீவனம் என்று என் கையாலேயே எழுதுகிறேனே என்ற நினைப்புத்தான் அப்போது. என் பேர் எனக்கே ஞாபகம் வரவில்லை. தம்பிக்கு அன்றே தனியாக ஒரு கடிதம் போட்டேன். பேரைப் பார்த்துப் பயப்படாதே, அது மாட்டுக்கு இல்லை, அப்பாவுக்கு, வெந்நீரில் கரைத்து வெல்லம் சேர்த்துக் கொடு என்று விவரமாக எழுதினேன்.

5

பார்சல் ஒழுங்காகப் போயிற்று. கடிதம் மூன்று வாரம் பிந்திப் போயிற்று.

அது எனக்குத் தெரியாது. பதில் வரவில்லையே என்று நான்தான் இங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் அறுபது தட்டுக்குக் கஞ்சி ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி பொடி தூவும்போது, அங்கே அப்பா ஒரு வாய் குடித்திருப்பாரா என்று நினைப்பேன். அறுபது பிள்ளைகளுக்கும் கஞ்சி போய்ச் சேர்ந்துவிட்டது. என்னைப் பெற்றவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. ஒரு நாள் அந்த நினைப்பில் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டேன். மிஸ்ஸம்மா தீய்ந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

6

தம்பி கடிதம் வந்தபோது என் இரண்டு கையிலும் மாவு. ரோஸைப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷ் புஸ்தகத்தைத் தண்ணீர்பட்ட பாடாகப் படிக்கிறவள், தமிழ்க் கடிதத்தை ஒவ்வோர் எழுத்தாகத்தான் கூட்டுகிறாள். மெல்ல மெல்ல அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள அக்காவுக்கு. உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. பார்சல் முன்னமே வந்துவிட்டது. மேலே புண்ணாக்கு என்று இருந்ததால் என் சம்சாரம் அதைத் தொட்டியில் கரைத்துவிட்டாள். இங்கே கிடைக்காத புண்ணாக்கா, பெங்களூரிலிருந்து எதற்கு அனுப்பினாள் என்று பேசிக்கொண்டோம். பசு இரண்டு நாள் குடித்தது. மூன்றாம் நாள் அப்பா, உன் அக்காவிடமிருந்து என்னடா வந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை, மாட்டுக்குப் புண்ணாக்கு என்றேன்."

இந்த இடத்தில் நான் மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோஸ் நிறுத்தினாள். படி என்றேன்.

"அப்பா அந்தத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். இதை எழுதினது யாரு என்றார். அக்காதான் என்றேன். அடே மடையா, இது மாட்டுக்கு வந்ததில்லடா, அவ பேரை அவ எழுதியிருக்கா, எடுத்தாடா அதை என்றார். டப்பாவில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மல்லாட்டை என்றார். மிச்சத்தையும் குடித்து முடித்தார். பத்து நாள் வந்தது. ஒரு வேளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை."

ரோஸ் தாளைத் திருப்பினாள். ஒரு வரியைப் படித்தாள், மறுபடி படித்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"மம்மி, மாமா இங்க தப்பா எழுதிட்டார். 'டப்பா தீர்ந்துபோய் ஒரு வாரம் ஆகிறது. தினமும் காலையில் எழுந்ததும், புண்ணாக்கு வந்தாளா என்று கேட்கிறார்.' வந்துச்சான்னுதானே இருக்கணும்? பவுடர்தானே?"

"தப்பு இல்லம்மா. சரியாத்தான் எழுதியிருக்கான்."

"அப்போ புண்ணாக்கு யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் கடிதத்தை மடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள் என்று பயம். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

7

அன்று மத்தியானமே மிஸ்ஸம்மாவிடம் போய் நின்றேன். ஐந்து நாள் லீவு வேண்டும் என்றேன். பிள்ளைகளுக்கு ஆகாரம் யார் தருவார்கள் என்று அவர் கேட்பதற்குள், என் பின்னாலேயே வந்து நின்றிருந்த ரோஸ், "நான் பாத்துக்கறேன் மிஸ். அம்மியில தண்ணி ஊத்தமாட்டேன்" என்றாள். மிஸ்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எஸ்தரே, எழுந்து உன் தகப்பனிடத்திற்குப் போ" என்றார். அவருடைய வேதப் புத்தகத் தமிழ் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இடத்துக்குப் பொருந்தி வந்தது.

பொடி அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டேன். வியாழக்கிழமை வண்டி. இடம் கிடைக்காவிட்டால் காட்பாடிவரை நின்றுகொண்டே வருவேன். சீல் வாங்க ஆபீசுக்குப் போனேன். அதே குமாஸ்தா, டப்பாவைப் பார்க்காமலே, "ஹிண்டியா?" என்று முத்திரையை எடுத்தார். இந்தத் தடவை பார்சல் இல்லைங்க, நானே எடுத்துக்கொண்டு போகிறேன், பெண்ணை அனுப்பலாமா என்று கேட்டேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அதுக்குப் பர்மிட் வேண்டாம்மா. சீக்கிரம் போய்ட்டு வா" என்றார்.

வருகிறேன் என்று தம்பிக்குக் கடிதம் போடவில்லை. போட்டால் அது எனக்குப் பின்னால்தான் வரும். இந்தப் பக்கம் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நான் வந்து திரும்பியும் போயிருப்பேன். அப்பாவுக்கு இப்போது பார்வையும் மங்கிவிட்டதாம். வாசலில் நிழல் தட்டினால், யாரு என்று கேட்கிறாராம்.

எஸ்தர் என்று சொல்ல மாட்டேன்.